சந்தனத்துக்குக் கீழே விரிசல்

ஆயுத பூஜைக்காகப் பூசிய சந்தனம் எல்லா இயந்திரங்களிலும் சீராகக் காய்ந்திருக்க, ராக்கெட்டின் திட எரிபொருள் உருளையின் முகத்தில் மட்டும் மயிரிழைபோல ஒரு கோடு விட்டிருந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம். கிண்டி ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சோதனை அறையில் கற்பூரப் புகையும், வெந்த ரப்பர் வாசனையும், எங்கோ சொட்டும் குழாயின் ஓசையும்தான் மிச்சம். அனந்தராமன் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான். கீழே விரிசல். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அவனே கழித்துப்போட்ட அதே உருளை.

"அதை அன்னிக்கே அழிச்சாச்சு சாமி. நீ ஆத்துக்குப் போய் சுண்டல் சாப்பிடு" என்று கேலி பேசித் தோளில் தட்டினானே கருணாகரன்! உருளையை வார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவன். இன்றைக்குச் சந்தனத்தை அப்பியதும் அவன்தான்.

நல்ல உருளை மெழுகுவத்தி மாதிரி அடக்கமாக எரியும். விரிசல் இருந்தால் தீ அதற்குள் புகுந்து உள்சுவர்களையும் பற்றிக்கொள்ளும். அழுத்தம் ஏறும், விரிசல் இன்னும் பிளக்கும், இரும்புக் கூடே வெடித்துவிடும். நாளைக்கு டெல்லி அதிகாரிகள் முன்னால் இதை எரித்துச் சோதிக்கும்போது பக்கத்தில் அளவு பார்க்க உட்காரப்போவது அனந்தராமன். அது கருணாகரனுக்கும் தெரியும். துரோகி.

கூட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை. ஆனால் கடைசியில் மாட்டவேண்டிய பற்றவைப்பு ஒயர்கள் மாட்டியிருந்தன.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஓடினான். இழுத்தான். அசையவில்லை. கதவின் தடித்த கண்ணாடிக்கு அப்பால் கருணாகரன்.

"கருணா! திறடா! நான் உள்ள இருக்கேண்டா!"

சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"நீ அதைப் பார்த்திருக்கக் கூடாது சாமி. இன்னொரு உருளை விரிசல் விட்டுச்சுன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும். இப்ப எரிஞ்சா, உன் கைத்தவறுன்னு எழுதிக்குவாங்க."

"என் பொண்ணுக்குப் பேர் வெச்சவன்டா நீ!"

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம். பிறகு டக்கென்று அணைந்தது.

ஒயர். ஒயரைப் பிடுங்கலாமே. அந்த யோசனை அப்போதுதான் வந்தது.

கருணாகரன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான். நிதானமாக. மறு கை சுவரிலிருந்த பற்றவைப்பு விசையைத் திருகியது.

முதுகுக்குப் பின்னால் மெல்லிய சீறல்.

கண்ணாடியில் கருணாகரனின் முகம் சிவந்துகொண்டே வந்தது.