பத்தொன்பது டிகிரித் தண்ணீர்

தக்காளித் தோட்டக்காரி வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வந்த வேகத்தில் பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"என் போர்வெல் தண்ணி ஐயா. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

ஓய்வுபெற்ற தண்ணீர்ப் பரிசோதகர் நுனிநாக்கில் வைத்தார். ஒரே கரிப்பு.

பக்கத்து நிலத்தில் எரிவாயுக் கிணறு தோண்டிய நாளிலிருந்து அவள் செடிகள் கருகின. புகார் கொடுத்தாள். கம்பெனி டெக்னீஷியன் வந்து பாட்டிலில் மாதிரித் தண்ணீர் எடுத்தார். கம்பெனி டிரைவர் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 'நல்ல நீர்' என்று ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. நாளை காலை விசாரணை. அங்கே இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டால், அவள் வேலியை ஒட்டியே இரண்டாவது கிணறு.

"டிரைவர் வழியில மாத்திட்டான் மச்சான்!" என்று துள்ளினான் பரிசோதகரின் மைத்துனன். "இல்லன்னா ஆய்வுக்கூடம்!"

"கொஞ்சம் பொறுடா. ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல உள்ள தள்ளாதே."

பரிசோதகர் அறிக்கையின் பின்தாளைப் பார்த்தார். மாதிரி எடுத்த டெக்னீஷியன், எடுத்த இடத்திலேயே நிரப்பிய தாள் அது. தேதி, நேரம், நீரின் சூடு, தோட்டக்காரியின் கையெழுத்து.

மதியம் தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. காய்ந்த செடிகளின் அடியில் மண் வெளிறிக் கிடந்தது. தகவல் கேட்டு வந்திருந்த டெக்னீஷியன் மரியாதையான மனிதர். சட்டைப்பையில் வெப்பமானி. வண்டியிலிருந்த ஐஸ் கேனைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். மைத்துனன் மடமடவென்று மூன்று டம்ளர் குடித்து, 'தங்கமான மனுஷன்' என்று மனதுக்குள் சான்றிதழே கொடுத்துவிட்டான்.

பரிசோதகரோ மோட்டாரை ஓடவிட்டு, குழாயடியில் கையை நீட்டியபடியே நின்றார். "பாட்டில் நிரப்பும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?"

"மோட்டார நிறுத்தச் சொன்னாரு. ஷெட்டுக்குப் போய்ட்டு வந்தேன். சீல் வச்சப்போ இருந்தேன்."

மாலை, கம்பெனி அலுவலகம். மேலாளர், டிரைவர், டெக்னீஷியன், தோட்டக்காரி. மைத்துனன் டிரைவரையே முறைத்துக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"டிரைவரும் மாத்தல, ஆய்வுக்கூடமும் மாத்தல," என்றார் பரிசோதகர். "இந்தத் தாள்ல நீரோட சூடு பத்தொன்பது டிகிரின்னு இருக்கு. தோட்டத்துலயே எழுதினது. அறுநூறு அடி ஆழத்துத் தண்ணி முப்பது டிகிரிக்கு மேல, வெதுவெதுன்னு வரும். இன்னைக்கு என் கையே சாட்சி. அப்போ பாட்டில் வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே அதுல வேற தண்ணி. அந்தத் தோட்டத்துல பத்தொன்பது டிகிரித் தண்ணி ஒரே இடத்துலதான் இருந்துச்சு. மூணு டம்ளர் குடிச்சியே, சொல்லேன்டா."

மைத்துனன் டிரைவரை விட்டு டெக்னீஷியன் பக்கம் திரும்பினான். "ஐஸ் கேன்!"

டெக்னீஷியன் தலை குனிந்தார். எரிவாயுக் கிணற்றைச் சுற்றிச் சிமெண்ட் இறக்கியதை மேற்பார்வையிட்டவரும் அவர்தான். அதில் விரிசல். கீழேயிருந்த உப்புநீர் அதன் வழியே மேலேறி அவள் போர்வெல்லில் கலந்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

"முப்பத்திரெண்டுன்னு பொய்யா எழுதியிருந்தா நான் தோத்திருப்பேன். ஏன் எழுதல?" என்று கேட்டார் பரிசோதகர்.

"அளக்காம நம்பர் எழுதி எனக்குப் பழக்கமில்ல சார்."

அடப்பாவி! தண்ணீரையே மாற்றிய மனிதருக்கு எண்ணை மாற்றக் கை வரவில்லை. மைத்துனனுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

மேலாளர் முகம் வெளுத்தது. "கிணத்த இன்னைக்கே நிறுத்துறேன். ஆனா ஊர்ல அடுப்பு எரியணுமே சார்."

"எரியட்டும். இவங்க தண்ணி கெடாம எரியட்டும். விரிசல அடைச்சு, மாசாமாசம் தண்ணிய வெளியாள் சோதிக்கட்டும். அதுக்கப்புறம் ரெண்டாவது கிணத்தப் பத்திப் பேசுங்க. நாளைக்கு விசாரணையில இதையேதான் நானும் சொல்லுவேன்."

தோட்டக்காரி சிரிக்கவில்லை. "என் தண்ணி எப்போ பழையபடி ஆகும்?"

மேலாளர் பரிசோதகரைப் பார்த்தார். பரிசோதகர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். மூலையிலிருந்து டெக்னீஷியன்தான் மெல்லச் சொன்னார்: "அளந்து பாத்துத்தான் சொல்லணும்மா."

"அளங்க," என்றாள் அவள். "ஆனா இந்தத் தடவை மோட்டார நிறுத்த நான் போக மாட்டேன்."