பின் சக்கரத்துக்குப் பின்னால்

சைக்கிளுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் பாயில் இரண்டு இடத்தில் ஈரம் இருந்தது. கைப்பிடிக்குக் கீழே தேங்கியிருந்தது ஓரகத்தி சின்னவளின் வியர்வை. அறைக்குள் சைக்கிளைத் தாங்கியில் மாட்டி அரை மணி மிதித்தால் யாருக்கும் அங்கேதான் சொட்டும். இன்னொரு ஈரம் பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில், ஆள் உட்காரவே முடியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. நேற்று அது சுவரோரமாக இருந்ததாக ஞாபகம். பெரியவள் குனிந்து துடைத்தாள். துணியில் துரு வாடை அடித்தது.

"தண்ணி பாட்டில் ஒழுகுது போல."

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? இவளுக்கு இருக்கையில் உட்காரக் கற்றுக்கொடுத்து, சைக்கிள் சங்கத்தில் சேர்த்துவிட்டது யார்? இப்போது மலைப் பந்தய அணியில் ஒரே ஓர் இடம் காலி, நாளைக் காலையில் தேர்வு, இவளோ ஒரே மாதத்தில் எங்கேயோ போய்விட்டாள். "சின்னவ காலுல மோட்டார் இருக்கு," என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பெரியவளும் அதே வீட்டில்தான் இத்தனை வருஷமாக மிதிக்கிறாள், அவள் காலில் என்ன இருக்கிறதென்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்கே மனம் வரவில்லை. சின்னவளின் கண்கள் குழி விழுந்து கிடந்ததையும், ராத்திரி விளக்கை அணைக்காமல் அவள் விழித்திருந்ததையும் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள்.

"அதுல அப்படி என்னதான் கேக்கறே? எனக்கும் போட்டுக் காட்டேன்."

"அது மட்டும் வேணாம்க்கா. சொன்னா கேளுங்க."

ஏதோ பெரிய பயிற்சியாளரின் பாடம், பங்கு கொடுக்க மனசில்லை, கஞ்சப் பிசினாறி. அப்படித்தான் பெரியவள் நினைத்தாள்.

அன்று சாயங்காலமே வாய்ப்பு வந்தது. சின்னவள் இன்னொரு தடவை மிதித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள், கூடத்தில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், ஹெட்போன் சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்கியது. பெரியவள் கதவை ஒருக்களித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் சூடு இருந்தது. ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்தி மாட்டியதும் டிவிச் சத்தம், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம், மின்விசிறியின் முனகல் எல்லாம் ஒரேயடியாக அடங்கிப்போயின.

"இணைக்கப்பட்டது," என்றது ஒரு பெண் குரல்.

எதோடு? சின்னவளின் போன் அலமாரி மேல் அணைந்து கிடந்தது. பெரியவளின் போன் கூடத்தில் இருந்தது.

மிதித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, போனை அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தால் பாட்டு விட்டு விட்டுக் கேட்குமே, அந்தக் கரகரப்பு. அதற்குள்ளே யாரோ மூச்சிரைத்தார்கள். போட்டிக்காரியின் மூச்சைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு துரத்துகிறாளா? கெட்டிக்காரிதான். பெரியவள் வேகத்தைக் கூட்டினாள். இரைப்பு தள்ளிப் போனது, கரகரப்பு அதிகமானது. ஓய்வெடுக்கக் காலைத் தளர்த்தினாள்.

கரகரப்பு நின்றது.

மூச்சு துல்லியமாகக் கேட்டது. எச்சில் விழுங்குவதுகூட. கிட்டே வந்தால்தான் இவ்வளவு தெளிவாகக் கேட்கும். அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

மிதித்தாள். தொடை எரிய மிதித்தாள். கைப்பிடியில் இருந்த சின்னத் திரையில் சின்னவளின் வேகத்தைத் தாண்டி எண் ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்த மாமியாரின் முகம் மலர்ந்தது, வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தையாக இருக்கலாம்.

அவர் போனதும் சின்னவள் ஈரத் தலையோடு வந்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். மெதுவாகப் பெரியவளின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். டிவிச் சத்தம் திரும்பி வந்தது.

மூச்சு நிற்கவில்லை.

"ரெண்டு காதுலயும் மாட்டினீங்களா?"

பெரியவள் மிதித்துக்கொண்டே தலையசைத்தாள்.

"கழட்டினாலும் கேக்கும்க்கா. மிதிச்சாதான் தள்ளிப் போகும். நிறுத்தினா, விட்ட இடத்துலேர்ந்து கொஞ்சம் கிட்ட வந்துரும்." சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டு எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. அவள் தோள்கள் இறங்கின. "எனக்குக் கேக்கல."

"பூட்டி வெப்பியேடி."

"இன்னிக்கு அசதிக்கா. மறந்துட்டேன்." அவள் பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீங்களே போங்க. அந்த இடம் உங்களுக்குத்தான்."

கூடத்துக்குப் போய், மாமியாருக்குப் பக்கத்தில் தரையிலேயே சுருண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குறட்டை கேட்டது. அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பெரியவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

கால் மரத்தது. வேகம் குறைந்தது. மூச்சு கேட்டது.

பின்னால் பார்த்தாள். பாய் காய்ந்திருந்தது. ஈரமே இல்லை. இருக்கைக்குக் கீழே பார்த்தாள். அங்கும் இல்லை.

அப்பாடா என்று தலையைக் குனிந்தாள்.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக. மேலேயிருந்து.