மேலே இருந்த இருவர்

குமிழுலகில் வேம்பு என்ற பெண்ணின் மூன்றாவது குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டது. அவள் அழுகையை ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள் பூங்கோதை. கணினிக்குள் ஓர் உலகத்தை வளர்ப்பது அவள் வேலை. உள்ளே இருந்த மனிதர்களுக்கு வலி உண்டு, பேச்சு உண்டு. வெளியே ஆள் இருப்பது மட்டும் தெரியாது.

பூசாரி வேம்புக்கு ஆறுதல் சொன்னார். "எல்லாம் அந்த ஒருத்தர் செயல்மா. காரணம் இல்லாம செய்யமாட்டார்."

"ஒருத்தரா?" வேம்பு சீறினாள். "மழையக் குடுத்து, மார்ல பாலச் சுரக்க வச்சு, அதக் குடிக்கிற பிள்ளைய அவரே பிடுங்குவாரா? இல்ல சாமி. மேல ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்குள்ள ஒத்துப்போகல."

மழையை வடிவமைத்தவள் பூங்கோதை. காய்ச்சலை வடிவமைத்தவர், பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இன்பநாதன்.

"கேட்டீங்களா சார்? நம்மளக் கண்டுபிடிச்சிட்டா. காய்ச்சல எடுத்துடலாம்."

"எடுத்தா கூட்டம் பெருகும். இயந்திரத்தோட கொள்ளளவு இவ்வளவுதான், இனி ஒரு வயல்கூட சேர்க்க முடியாது. சோத்துக்கு எங்க போவாங்க?"

"எப்பப் பாத்தாலும் இதே பதில்!"

எந்த மாற்றத்துக்கும் இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்பது விதி. பூங்கோதை மேலிடத்தில் சண்டை போட்டாள், விடாமல் போட்டாள். சலித்துப்போன மேலிடம் இன்பநாதனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டுக் குமிழுலகை அவள் கையிலேயே கொடுத்தது. அன்றைக்கே காய்ச்சலை அழித்தாள். பலனைப் பார்க்கும் ஆவலில் உள்ளே காலத்தை முடுக்கிவிட்டாள்.

பிள்ளைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், பெற்றார்கள். வயல்கள் மட்டும் பெருகவில்லை. விதையை மாற்றினாள், மழையைக் கூட்டினாள், மேசையைக் குத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் போன பிறகு வேம்புக்குப் பிறந்து வளர்ந்த ஒரே மகளும் பசியில் சுருண்டு விழுந்து இறந்தாள்.

வேம்பு அழவில்லை. அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு பேர்ல ஒருத்தராவது நம்ம பக்கம்னு நெனச்சேன். பூசாரி சொன்னதுதான் சரி. ஒருத்தர்தான்."

பூங்கோதை இன்பநாதனை அழைத்தாள்.

"சார், திரும்பி வந்துடுங்க."

"எதுக்கு, காய்ச்சலத் திரும்ப வைக்கவா?"

"அத இப்பதான் நானே வச்சேன் சார்," என்றாள். "வச்சது நீங்கதான்னு சொல்லிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."