ஒருமறுப்புச் சல்லடை

“மருமகனே, அத்தை பேசுதேன். சாப்பிட்டியா? உன் வீட்டுக் கூரை ஒழுகுதாமே. நல்ல தகடு வந்திருக்கு. அத்தைக்காகப் போட்டுக்கோயேன்.”

நம்பிராசனுக்கு அத்தையே கிடையாது. அவன் அப்பாவோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஆனாலும் காதில் மாட்டியிருந்த செவிமணிக்குள் ஒலித்த குரலில் அப்படியொரு வாஞ்சை. அவனையும் அறியாமல் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

கொற்கைத்திட்டு தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் ஊர். வீட்டுக்கு ஒரு மிதவை, மிதவைக்கு மிதவை ஆடுகிற பாலம். அடிக்கிற காற்றில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அடுத்த மிதவைக்குக் கேட்காது. அதனால் ஊர்ப்பேச்சு முழுக்க மடல்தான். இங்கே வாயைத் திறந்து சொன்னால் அது மடலாகப் போய், அங்கே இன்னொருவர் காதில் சொன்னவர் குரலிலேயே ஒலிக்கும். குழம்பு மிச்சம் இருப்பதிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் வரை எல்லாம் அப்படித்தான் போய் வந்தன. கரையில் இருந்து தாமாகவே பேசி விற்கும் எந்திரங்கள் இதைக் கண்டுகொண்டு, உறவு கொண்டாடி உள்ளே புகுந்தன. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அத்தைகளும் சித்தப்பாக்களும் காதுக்குள் குடியிருந்தார்கள்.

நம்பிராசன் அந்த ஊரின் மடற்காவலன். எல்லார் மடற்கணக்குகளும் அவன் அறையில் இருந்த வழங்கிக் கணினியில்தான் இருந்தன. குப்பை மடலைத் தடுக்கும்படி ஊர் அவனைப் பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அவன்தான் நாளை நாளை என்று தள்ளிப்போட்டு வந்தான். இன்று தள்ளிப்போட முடியவில்லை. காரணம் சண்முகக்கனி.

கனி கரைக்கும் திட்டுக்கும் பயணிகள் படகு ஓட்டுபவள். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, அவளுக்கும் அதே வயதுதான். தினமும் மதியம் அவளிடமிருந்து மடல் வரும். “மடல்காரரே, மீன் குழம்பு வச்சிருக்கேன், சாப்பிட வாரீகளா?” என்பாள். “வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்” என்பான் வெறும் வயிற்றோடு. “கூச்சப்படாதீக” என்பாள். “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்பான். மூன்றாம் முறை அவள் கேட்கும்போது செருப்பைத் தேடுவான். கொற்கைத்திட்டில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். முதல் அழைப்பிலேயே கிளம்புகிறவன் பறக்காவெட்டி. மூன்றாவது அழைப்பையும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன்.

அன்று காலை அவள் கேட்டது சாப்பாடு அல்ல.

“நீங்களும் தனியா இருக்கீக, நானும் தனியா இருக்கேன். கல்யாணம் பண்ணிக்கிடலாமா?”

நம்பிராசனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வாய் பழக்கப்படி பேசிவிட்டது. “இந்த வயசுலயா? வேண்டாம் கனி.”

சொல்லிவிட்டு இரண்டாவது மடலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வந்தது கூரைத் தகட்டு அத்தை. அடுத்து வந்தார் இன்சூரன்ஸ் சித்தப்பா. இந்தக் கூச்சலில் கனியின் குரல் காதில் விழாமல் போய்விட்டால் என்ன செய்வது?

கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, ‘எல்லாக் கணக்குகளுக்கும்’ என்று தேர்ந்தெடுத்தான். மடற்சல்லடையை ஓடவிட்டான். வருகிற மடலை அது முகர்ந்து பார்த்துக் குப்பைப் புள்ளி போடும். ஐந்தைத் தாண்டினால் மடல் காதுக்குப் போகாது, ஐயப்பெட்டிக்குப் போகும். வேண்டியவர்களின் பெயரை வரவேற்புப் பட்டியலில் சேர்த்தால் அவர்களுக்குப் புள்ளி கிடையாது. தன் பட்டியலில் கனியின் பெயரை முதலில் சேர்த்தான். கடைசியாக ஒரு கட்டம் கண்ணில் பட்டது: ‘ஒருமறுப்பு: ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதையே மறுபடி கேட்கும் மடலைத் தடு.’ கரையில் சட்டம் போட்டுக் கொண்டுவந்த வசதி அது. நல்லதாகத்தான் தோன்றியது. தட்டினான்.

அத்தை வாயடைத்துப் போனாள்.

ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. மிதவைக்கு மிதவை நன்றி வந்தது, கருவாடு வந்தது, ஒரு வீட்டிலிருந்து பனங்கற்கண்டுகூட வந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு மக்களுக்கு அலைச்சத்தம் கேட்டது. நம்பிராசனுக்கும் அது கேட்டது. அதை மட்டும்தான் கேட்டான்.

கனியின் இரண்டாவது மடல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடும் மடல் மட்டும் ஒருமுறை வந்தது. வேண்டாம் என்றான், அதோடு அதுவும் நின்றது. அவள் படகு அவன் பக்கத் துறைக்கு வருவதை விட்டுவிட்டு வடக்குத் துறையில் நிற்கத் தொடங்கியது. போய்க் கேட்கலாம்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்னவன் தானே போய் நின்றால் ஊர் சிரிக்காதா? வாய்க் கொழுப்பு, வேறென்ன என்று தன்னையே திட்டிக்கொண்டு பழைய சோற்றைத் தின்றான்.

வார முடிவில் ஊர்த்தலைவர் பால்துரை பாலமே ஆடும்படி நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்னவே நம்பி, இது அநியாயமால்ல இருக்கு! இந்த வருசமும் நீங்கதான் தலைவரா இருக்கணும்னு சபையில மடல் போட்டாக. நமக்கு எதுக்குய்யா பதவி, வேண்டாம்னேன். அதோட விட்டுட்டானுகவே! வேற ஆளைப் போட்டுட்டானுக!”

“நீங்கதான வேண்டாம்னீக?”

“வருசா வருசம் அப்படித்தாம்வே சொல்லுதேன்! நேத்து என் பேத்தி காதுகுத்து. ஒருதரம் கூப்பிட்டதுக்கு எல்லாரும் ‘சோலி இருக்கு’ன்னாக. மறுபடி மறுபடி கூப்பிட்டேன், பதிலே இல்ல. அண்டா பிரியாணியும் மீனு வயித்துக்குப் போச்சு.”

நம்பிராசன் பலகைக்குத் திரும்பினான். குப்பையைக் கிளற யாருக்கு மனம் வரும்? இத்தனை நாளில் அவன் ஐயப்பெட்டியை ஒருதரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. இப்போது திறந்தான். ஊரின் இரண்டாவது அழைப்புகளும் மூன்றாவது அழைப்புகளும் அதற்குள் குவிந்து கிடந்தன. உறவுக்காரன், ஊர்க்காரன் என்று எந்த வரவேற்புப் பட்டியலையும் ஒருமறுப்பு மதிக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தன் பெட்டிக்குப் போனான். கனியின் குரல் வரிசையாக ஒலித்தது.

“வயசென்ன வயசு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“மூணாவது தடவை கேக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அடுத்தது அன்று காலைதான் வந்திருந்தது. “சரி, இனி கேக்க மாட்டேன். மண்டபம் ஊர்ப்பக்கம் படகு ஓட்ட மாற்றல் வாங்கிட்டேன். இன்னைக்கு மதியம் கிளம்புதேன். உடம்பைப் பாத்துக்கோங்க.”

அவசர அவசரமாக ஒருமறுப்பை நீக்கினான். ஐயப்பெட்டியில் கிடந்ததை எல்லாம் சல்லடைக்குப் பாடமாகக் காட்டினான்: இவை நல்ல மடல்கள், எங்கள் ஊர் மனிதர்கள் இப்படித்தான் தயங்குவார்கள், இழுப்பார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சல்லடை சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. பிறகு கனிக்கு மடல் விட்டான். “சம்மதம் கனி! முழுச் சம்மதம்! உடனே பதில் சொல்லுங்க!”

பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘குப்பைப் புள்ளி ஒன்பது. தயக்கம் இல்லை, அவசரம் உண்டு, திடீர் இனிப்பு. இந்த ஊர் மனிதர் பேச்சு அல்ல. அழிக்கப்பட்டது.’

கனியின் வரவேற்புப் பட்டியலில் அவன் பெயர் இல்லை; மடல் ஐயப்பெட்டிக்குக்கூடப் போகவில்லை. சல்லடை போட்ட அன்று, அத்தைகள் தொல்லை அவளுக்கு வேண்டாமென்று கனியின் கணக்கில் ‘உடனே அழி’ என்பதைத் தட்டி வைத்தவனே அவன்தான்.

“என்னவே, பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு?” என்றார் பால்துரை.

நம்பிராசன் பாலத்துக்குப் பாலம் தாவி ஓடினான். வடக்குத் துறையில் கனி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது.

“என்ன மடல்காரரே, இப்படி மூச்சு வாங்குது? சாப்பிட்டீகளா?”

ஆச்சு என்று சொல்ல வந்த வாயை அடக்கினான். “இல்ல. பசிக்குது. உங்க மடல் எதுவும் எனக்கு வரல கனி. நான் போட்ட சல்லடையே பிடிச்சு வச்சுக்கிடுச்சு. இப்பத்தான் பாத்தேன். கல்யாணம் பண்ணிக்கிடலாம், போகாதீக.”

“இந்த வயசுலயா? வேண்டாம்,” என்றாள் கனி.

ஊரார் சொன்ன வேண்டாம்களை எல்லாம் சலித்தவனுக்கு இந்த ஒன்றைச் சலிக்கத் தெரியவில்லை. இது எந்த வேண்டாம்? அவள் கையைப் பார்த்தான். கை, அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்து, சோற்றுத் தூக்குச்சட்டியையும் திறந்தது.

“வயசென்ன வயசு,” என்றான் அவன்.

“ஊர் சிரிக்கும்,” என்றாள் அவள் சிரித்துக்கொண்டே, மூடியில் சோற்றைப் போட்டபடி.

மூன்றாம் முறை கேட்டபோது அவன் வாய் நிறையச் சோறு. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மழைக்காலத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. எல்லாரும் மூன்று முறை அழைக்கப்பட்டார்கள், எல்லாரும் வந்தார்கள். பால்துரைக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு கிடைத்தது. அதையும் இரண்டு முறை மறுத்த பிறகே ஏற்றார்.

அடுத்த நாள் காலை இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது செவிமணி பேசியது. “மருமகனே, அத்தை பேசுதேன். கூரைக்குத் தகடு... உனக்கு விருப்பம் இருந்தாப் பாரு, இல்லாட்டி வேண்டாம்.”

கரையில் இருந்த எந்திரங்கள் சும்மா இருக்கவில்லை. எந்த மடல் உள்ளே போகிறது என்று கவனித்து, கொற்கைத்திட்டின் நடையை அவையும் படித்துவிட்டன. நம்பிராசன் வேண்டாம் என்றான். அத்தை மதியம் தயங்கித் தயங்கி மறுபடி கேட்டாள். வேண்டாம் என்றான். சாயங்காலம் மூன்றாம் முறை, ரொம்பக் கூச்சத்தோடு கேட்டாள்.

அவன் கனியைப் பார்த்தான்.

“மூணு தடவை கேட்டுட்டாகளே,” என்றாள் கனி. “இனியும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?”

அந்த மாதத்திலேயே கொற்கைத்திட்டின் எல்லா மிதவைகளுக்கும் கூரை மாறியது. பால்துரை வீட்டில் இரண்டு அடுக்கு. சல்லடையை மறுபடி இறுக்கலாமா என்று நம்பிராசன் அவ்வப்போது யோசிப்பதுண்டு. வெளியே மழை கொட்டும்போது அந்த யோசனை தள்ளிப்போகும். கூரை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.