பாறைக்குள் பங்கர்

பாறை சுட்டது.

கையுறை போட்டிருந்தும் யேசுரட்ணத்துக்கு அது தெரிந்தது. அடுப்புச் சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. கடலோ ஐஸ். ரப்பர் உடுப்புக்குள் புகுந்த தண்ணீர் நெஞ்சைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது.

முன்னால் நீந்திய யோன் என்ற வழிகாட்டியிடம் அதைச் சொன்னார். எரிமலை கக்கிய கல்தான், ஆனால் ஆறி ஐந்து கோடி வருசமாகிறது என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தான் அவன். சம்பளத்துக்குச் சிரிக்கிறவனை யேசுரட்ணம் ஒருநாளும் நம்பியதில்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் அவர் வேலை செய்யும் ஜன்னல் பக்டரி வருசத்துக்கு ஒருமுறை ஆட்களை எங்காவது கூட்டிப்போகும். 2009 மே மாதம் இந்தப் பாரோத் தீவு. கரையோரமாகவே நீந்தி, பாறையைப் பிடித்து ஏறி, திரும்பக் கடலுக்குள் குதித்து, குகைக்குள் புகுந்து வருவது ஒரு விளையாட்டாம். அங்கே சனம் உயிர் தப்பக் கடலுக்குள் இறங்குது, இங்கே பொழுதுபோகாமல் இறங்குதுகள் என்று அவருக்கு வாய் கசந்தது. தங்கச்சி றோஸ் இரண்டு பிள்ளைகளோடு முள்ளிவாய்க்காலில் கிடந்தாள். பன்னிரண்டு நாளாய் அழைப்பு இல்லை. "டிவிக்கு முன்னால இருந்தே சாகப்போறியளோ?" என்று மனைவி லூர்தம்மாதான் அவரைத் தள்ளிவிட்டாள்.

அவருடைய போன் கரையில் குலேந்திரனிடம் இருந்தது. பக்டரியில் பக்கத்து மெஷின்காரன், தண்ணீரென்றால் நடுங்குவான்.

"நீங்கள் மீனைப் பிடியுங்கோ அண்ணை, நான் போனைப் பிடிக்கிறன்."

"பகிடியை விடு. அடிச்சா உடன எடு. வெட்டுப்பட்டுப்போகும்."

"ஓம் ஓம். பிள்ளைப்பேறு ஆசுப்பத்திரி வாசலில நிக்கிற மாதிரி நிக்கிறன்."

அடுத்தது குகை. கடல் ஏறுமுன் பத்து நிமிடம்தான் உள்ளே நிற்கலாம் என்றான் யோன். டேனிஷ்காரர் ஐந்து பேரும் கூவிக்கொண்டு முன்னே போனார்கள். யேசுரட்ணம் கடைசி.

முதலில் கேட்டது அலைதான். ஆனால் அது உள்ளே போய்ச் சுவரில் மோதித் திரும்பும்போது, நெருக்கியடித்துக் கிடக்கும் சனம் அடக்கிய மூச்சை ஒன்றாக விடுவதுபோல வந்தது. உப்பும் பாசியும் மணக்க வேண்டிய இடத்தில் கருகிய பனங்குற்றியும், ஊறிய துணியும், பிள்ளைகளின் மூத்திரமும் மணத்தன. பக்கச் சுவரில் ஆள் குனிந்து புகும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது, அவருடைய தலைவிளக்கின் வெளிச்சம் அதற்குள் போய் எதிலும் படாமல் செத்தது.

கையை நீட்டினார். கல் இல்லை. துணி. மண் நிரப்பிய மூட்டை. கையுறையையும் மீறி விரலில் சரிகை நெருடியது.

செல்லடிக்குப் பதுங்கும் பங்கருக்குக் கூறைச்சேலையையும் வெட்டி மண்மூட்டை தைத்துவிட்டேன் என்று கடைசி அழைப்பில் றோஸ் சொல்லியிருந்தாள்.

உள்ளே ஒரு பிள்ளை இருமியது.

"சின்னண்ணை?"

டென்மார்க்கில் அவரை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

"தலையைக் குனியுங்கோ. இன்னும் விழுது."

"றோஸ்... நீ இருக்கிறியோ?"

"தண்ணி வருது சின்னண்ணை. பிள்ளையளைத் தூக்கி வைச்சிருக்கிறன்."

யோனின் விசில். மற்றவர்கள் அவரைத் தாண்டி வெளியே நீந்தினார்கள்.

"வெளிக்கிடுறியளோ? சொல்லிப்போட்டுப் போங்கோ."

போட்டு வாறன். போய்த் திரும்பி வருவேன் என்று எந்த வீட்டு வாசலிலும் வாய் தானாய்ச் சொல்லும் சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினார். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்வதில்லை. உயிரோடு இருக்கிறவள் இந்தக் குகைக்குள் எப்படி வருவாள்? இது செத்த குரல். சொன்னால் கூடவே வரும்.

சொல்லவில்லை.

திரும்பினார். நீந்தினார். பின்னால் ஒருவரும் அழவில்லை. கூப்பிடவும் இல்லை.

குகைக்குப் பக்கத்துக் கல்லுக்கரையில் ஏறும்போதே குலேந்திரன் விழுந்தெழும்பி ஓடி வந்தான்.

"அண்ணை! உங்கட தங்கச்சி எடுத்தவ! உயிரோட இருக்கிறா!"

யேசுரட்ணம் அவன் தோளைப் பிடித்தார். "எப்ப?"

"இப்பதான். மூண்டு நிமிசமும் இல்லை. பிறகு வெட்டுப்பட்டிட்டுது. ஒரே தண்ணி இரைச்சல்."

"என்ன சொன்னவ?"

குலேந்திரன் போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"எனக்கு விளங்கேல்லை அண்ணை. சின்னண்ணை ஏன் சொல்லாமல் வெளிக்கிட்டவர், நாங்கள் இன்னும் சாகேல்லையே எண்டு கேட்டவ."

யேசுரட்ணம் கடலைப் பார்த்தார்.

கடல் ஏறிவிட்டது. குகையின் வாயில் ஒரு சாண்தான் மிச்சம். அந்த ஒரு சாணில், கறுத்தப் பாறையின் விளிம்பில், விரல்கள். பெரியவை நாலு. பக்கத்தில் சின்னவை.

அலை மூடியது.

விலகியது. விரல்கள் விடவில்லை.