கயிற்றின் மறுபாதி

பதினைந்தோடு முடிந்திருக்க வேண்டிய கயிறு முடியவில்லை.

அவள் தையல்காரி. இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி சரியாக ஒன்றரை மீட்டர். கடையில் டேப் தொலைந்துபோன நாட்களில்கூட அவள் கையால் அளந்து வெட்டிய துணி ஒரு விரற்கடை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அதனாலேயே மலைக்குக் கிளம்பும் முன் கயிற்றைச் சோதிக்கும் வேலை எப்போதும் அவள் தலையில் விழும். கழுவி, வெயில் படாமல் கட்டிலுக்கு அடியில் உலரப் போட்டிருந்த கயிற்றை, தையல் அறையின் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, விரல்களுக்கு நடுவே உருட்டி, உள்ளே எங்காவது நைந்து மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பகுதியைக் கதவு வழியாகக் கூடத்துக்குத் தள்ளினால் அங்கே கணவன் சுருட்டி வைப்பான். பதினைந்தாவது கை விரிப்பில் முனை வர வேண்டும். பிரிந்துவிடாமலிருக்க அவளே மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிய, கருத்துப்போன, கட்டை முனை.

பதினாறாவது விரிப்பும் வந்தது.

எண்ணிக்கையை எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம் என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அளந்தாச்சா? இருபத்திரண்டரை மீட்டர் இருக்குல்ல?" கூடத்திலிருந்து கணவன் கேட்டான்.

"இருங்க, எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கல்யாண ஜாக்கெட் தைக்கிற மாதிரி பொறுமையா எண்ணினா, நாம போறதுக்குள்ள பனியே உருகிடும்."

அவன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். சாப்பாட்டு மேஜை முழுக்க மலையின் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளரை வைத்து, மதியத்திலிருந்து பென்சிலால் நேரம் குறித்துக்கொண்டிருந்தான். ஐந்து நாள் நடை. வசந்தம் முடியப்போகிற இந்த வாரங்களில் பனி இரட்டை வேஷம் போடும். இரவுக் குளிரில் இறுகி, விடியற்காலையில் ஆளைத் தாங்கும். ஒன்பது மணி வெயில் பட்டால் தொடை வரை கால் உள்ளே போகும். மூன்றாம் நாள் கடக்க வேண்டிய ஓடையோ வெளியே தெரியவே தெரியாது. மேலே பனி பாலமாக மூடியிருக்கும், அடியில் தண்ணீர் ஓடும். அதை ஏழு மணிக்குள் தாண்டிவிட வேண்டும்.

போன வருஷம் அவர்கள் அதை ஒன்பதரை மணிக்குத்தான் தாண்டினார்கள். அதற்குக் காரணம் அவள்தான். முந்தின இரவுக் காற்றில் கூடாரம் தையல் விட்டுப்போயிருந்தது. ஏதோ இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவளுக்கு அந்த மாதிரி வேலை கையில் வராது. நுணுக்கமாக, இரட்டைத் தையல் போட்டு முடித்தாள். இரண்டரை மணி நேரம் போயிற்று. "அண்ணி, மலைக்கு யாரு உங்ககிட்ட ஃபேஷன் ஷோ கேட்டாங்க?" என்று கொழுந்தன் கிண்டல் செய்தான். கணவனுக்கு அவன் ஒரே தம்பி. வீட்டில் சின்னவன்.

கணவன் முன்னால் போய் அக்கரை மேட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டான். அவளும் சின்னவனும் ஒரே கயிற்றில், அதில் பாதி அவள் தோளில் சுருளாக. பாலம் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சின்னவன் உள்ளே போய்விட்டான்.

பனிக்குள் குரல் எட்டாது என்பதால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொங்குகிறவன் மூன்று முறை இழுத்தால், தூக்கு. மேலே இருப்பவர் பதிலுக்கு ஒரு முறை இழுத்தால், பிடித்திருக்கிறேன். சின்னவன் மூன்று முறை இழுத்தான். மறுபடியும் மூன்று முறை. அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருந்தான். அவள் மல்லாந்து கிடந்து குதிகாலை ஊன்றியபடி, விரல் விரலாகக் குழியை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

கணவன் ஓடிவந்தபோது, ஐஸ் விளிம்பில் கயிறு அறுந்துவிட்டது என்றாள். கீழேயிருந்து ஒரு அசைவுகூட இல்லை என்றாள். அவன் நம்பினான். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம் அந்த முனையை உருக்கியதுதான்.

இந்த வருஷம் பனி குறைவு. "எலும்பாவது கொண்டு வரணும்," என்று கணவன் ஒரே பிடியாக நின்றான். சின்னவன் இடுப்பில் மறுபாதி இருக்கும். அதன் முனையை யாரும் உருக்கவில்லை. ஐஸ் அறுத்ததற்கும் கத்தரிக்கோல் வெட்டியதற்கும் வித்தியாசம் தெரியாதவனா அவள் புருஷன்?

பதினேழு. பதினெட்டு.

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தையல் மெஷின் மேல் விழுந்து, சக்கரத்தின் நிழலைச் சுவரில் நீளமாக இழுத்திருந்தது. எல்லாம் எப்போதும்போல இருந்தது. கட்டில் விரிப்பு மட்டும் தரை வரை தொங்கி, அடியில் இருந்ததை மறைத்தது. அந்த விரிப்புக்குக் கீழிருந்து கயிறு வந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதில் ஈரம் தட்டியது. நான்கு நாள் உலர்ந்த கயிறு. இருபத்தொன்றில் ஈரம் குளிராகி, விரல் நுனிகளில் முதலில் சுருக்கென்றும் பிறகு ஒன்றுமே தெரியாமலும் மரத்துப்போக, பழைய பனி இளகும்போது வருமே, நனைந்த மண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அந்த வாடை, அது விரிப்பின் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்து அறையில் நிறைந்தது. வாஷிங் மெஷின் நின்றது. தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லை.

அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. வெகு கீழேயிருந்து.

எழுந்து ஓடு என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. முழுக் கயிறு நாற்பத்தைந்து மீட்டர், முப்பது கை விரிப்பு, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்துநாலு. கயிற்றின் இழைகளுக்கு நடுவே ஐஸ் பொடிகள். இருபத்தைந்து. வெட்டிய இடம் எங்கே? தேடினாள். இல்லை. வெட்டே இல்லாத முழுக் கயிறு. இருபத்தாறு.

இருபத்தேழு.

வரவில்லை. கயிறு இறுகியது. அந்தப் பக்கம் கனம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் குதிகாலைத் தரையில் ஊன்றினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"என்னம்மா இது? எங்கேர்ந்து இவ்வளவு கயிறு வருது?"

கணவன் வாசற்படியில் நின்றிருந்தான். தோளில் சுருட்டிய கயிறு, கையில் பென்சில். அவன் பார்வை அவள் மடியிலிருந்து புறப்பட்டு, விறைத்து நின்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டே கட்டில் வரை போயிற்று.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் முகம் மாறியது. பயமில்லை அது. பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது அந்த முகம்.

"சின்னவனா?"

கயிறு அவளை இழுத்தது. குதிகால் தரையில் வழுக்கியது. ஒரு சாண். இன்னொரு சாண். தையல் மேஜை மேல் கத்தரிக்கோல். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போன வருஷம்போலவே, ஒரே வெட்டு.

முனை சரசரவென்று கட்டில் விரிப்புக்குள் ஓடி மறைந்தது.



கணவன் அவள் கையைப் பார்த்தான். கத்தரிக்கோலைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து, அவள் மடியில் கிடந்த புது முனையை எடுத்து, வெயில் பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் தடவினான்.

"ஐஸ் அறுத்துடுச்சுன்னு சொன்னியே."

"நானும் போயிருப்பேங்க." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சத்தியமா நானும் போயிருப்பேன். நீங்க பக்கத்துல இல்ல."

"உயிரோட இருந்தானா?"

அவள் தலை குனிந்தாள்.

"எவ்வளவு நேரம் இழுத்தான்?"

"அரை மணி நேரம்."

"ஒரு தடவை திருப்பி இழுத்தியா? பிடிச்சிருக்கேன்னு சொன்னியா அவனுக்கு?"

இல்லை. அதைக்கூட அவள் செய்யவில்லை. தூக்க முடியாது என்று தெரிந்த பிறகு, பிடித்திருக்கிறேன் என்று பொய் சொல்ல அன்று அவளுக்குக் கை வரவில்லை.

விரிப்பு அசைந்தது.

போன முனை திரும்பி வந்தது. அடியிலிருந்து, ஈரமாக, தரையில் தண்ணீர்க் கோடு இழுத்தபடி, அவசரமே இல்லாமல் வந்தது. இப்போது அதில் ஒரு சுருக்கு இருந்தது. ஒழுங்காகப் போட்ட இரட்டை முடிச்சு. ஓர் ஆளின் இடுப்பு அளவு. பார்த்த மாத்திரத்தில் எத்தனை அங்குலம் என்று அவளுக்குத் தெரிந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல் அவளுடையது.

அவள் காலடியில் வந்து நின்றது.

"என்னங்க." குரல் காற்றாக வந்தது. "என்னங்க, வெளிய போயிடலாம். வாங்க."

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கோபமில்லை, பதற்றமில்லை. ஒவ்வொரு மலையிலும் கிளம்பும் முன் செய்கிறபடி, சுருக்கை இரண்டு கையாலும் விரித்து, அவள் தலைக்கு மேலாகப் போட்டு, கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டு, இடுப்பில் இறக்கினான். தள்ள நினைத்தாள். முடியவில்லை.

"சீக்கிரம்மா," என்றான், மேஜையில் நேரம் குறித்த அதே குரலில். "பனி இளகிடும்."

முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். இரண்டாம் முறையும் பார்த்தான். பிறகு எழுந்து சுவரோரமாகத் தள்ளி நின்றான்.

விரிப்புக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகியது. கயிறு தரையிலிருந்து மெல்ல எழும்பி, நேராகி, இறுகியது. அவள் நகர்ந்தாள். ஒரு சாண். தரையில் எதையாவது பிடிக்கத் தேடியபடி, தன்னை மேலே யார் பிடித்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அவன் இரண்டு கைகளிலும் ஒன்றுமில்லை.