குதிகால்

போண்டா ஆள் சேர்ப்பதை நிறுத்தி மூன்று நாளாகிவிட்டது என்பதைக் கோதை திங்கட்கிழமை காலையில்தான் கவனித்தாள்.

போண்டா கோர்கி வகை நாய். முழங்கால் உயரம்கூட வராது. நீண்ட உடம்பு, குட்டைக் கால், நரியைப் போல விறைத்த காது. எங்கோ குளிர்நாட்டில் மாடு ஓட்டுவதற்காக வளர்த்த இனம். மாட்டின் உதைக்கு அடியில் புகுந்து குதிகாலைக் கவ்வத்தான் அந்தக் குள்ளம். மராத்தி ஊரான பாணேரில் ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் மாட்டுக்கு எங்கே போவது? அதனால் அது கோதையையும் அவள் கணவன் ஹரிபிரசாத்தையும் ஓட்டியது. ஒருவர் சமையலறையிலும் ஒருவர் படுக்கையறையிலும் இருந்தால் அதற்குப் பொறுக்காது. வலிக்காமல் ஒரு கவ்வு கவ்வி, இருவரையும் சோபாவில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தானும் படுக்கும். கோதை அதைக் குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். முதுகெலும்பு பாரம் தாங்காது என்று சோற்றைக்கூட அளந்துதான் போட்டாள், படியேற விட்டதில்லை, வாரம் ஒருமுறை கைப்பிடி கைப்பிடியாக முடி உதிர உதிரச் சீவிவிட்டாள்.

இப்போது அது தானாகக் கட்டிலடியை விட்டு வரவில்லை. ஹரி அந்தப் பக்கம் நடந்தால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஓட்டப்படும் மாடு போல அவனுக்கு முன்னால் நடந்தது.

ஹரிக்கு வீட்டிலிருந்தே வேலை. இரண்டு வாரமாக அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் தூக்கம் சரியில்லை என்பான். கோதை காய் நறுக்கும்போது வாசற்காலில் சாய்ந்து நிற்பான். அவள் திரும்பிப் பார்த்தால் அவன் பார்வை அவள் முகத்தில் இருக்காது. பாதத்தில் இருக்கும்.

அன்று சாயங்காலம் சீவும்போது பின்னங்காலில் சீப்பு சிக்கியது. முடியை விலக்கினாள். காய்ந்த ரத்தம்.

நாய் டாக்டர் ஷபானா ஆம்பூர்க்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் நேரம் போவது தெரியாமல் பேசுவார். கோதை அப்போதே நாயை அவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். காலைச் சுற்றி முடியை மழித்தார். இரண்டு பிறைகள், ஒன்றுக்கொன்று எதிராக. அதே போல மற்றக் காலிலும். வயிற்றோரத்தில் நான்கு.

"இது நாய்ப்பல் இல்லம்மா," என்றார் கையுறையைக் கழற்றாமலே. "மனுஷப்பல். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அவரும்தான்."

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, போக வேறு இடம் இருக்கிறதா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். நிக்டியில் அக்கா வைஜயந்தி இருந்தாள். மறுநாள் மதியம் ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று கோதை முடிவு செய்தாள். ஹரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவனுக்குச் சந்தேகம் வராதபடி காலையில் வழக்கம்போல நாயை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போனாள்.

மதியம் அவள் வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கட்டடத்தில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை. கேட்டில் வாட்ச்மேன் நாற்காலி காலியாக நனைந்துகொண்டிருந்தது. லிஃப்ட் நின்றுபோனதால் படியேறினாள். ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்கடியில் தாமிரத்தை நக்கியது போன்ற இன்னொரு வாடையும் மாடிக்கு மாடி கூடிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு தளத்திலும் இரண்டொரு கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே டிவி இல்லை, குக்கர் விசில் இல்லை, குழந்தை அழவில்லை.

அவள் வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. டைல்ஸில் நகம் தட்டும் சத்தம், அவளுக்குப் பழகியது. அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று. ஈரமாக. பட். பட். உள்ளங்கைகள்.

ஹரி கைகளையும் கால்களையும் ஊன்றி ஹாலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். முழங்கால் தரையில் படவில்லை. முன்னால் போண்டா, கட்டு அவிழ்ந்து, நாக்குத் தொங்க, குரலே எழுப்பாமல். நாய் விலகினால் அவன் பக்கவாட்டில் பாய்ந்து மறித்தான். குனிந்து குதிகாலைக் கவ்வினான். தரை முழுக்கச் சிவப்பு வட்டங்கள்.

போண்டா அவளைப் பார்த்தது. அப்போதுதான் குரைத்தது. ஓடிவந்து அவள் காலில் முட்டி, கவ்வி, வெளியே தள்ளியது. போ. போ. அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரிந்தது.

ஹரி அதன் பிடரியைப் பல்லால் பற்றினான். தூக்கினான். உதறினான்.

ஷூ ரேக்கின் மேல் அவனுடைய டம்பெல் இருந்தது. கோதை அதை எடுத்து அவன் தோளில் அடித்தாள். விடவில்லை. தலையில் அடித்தாள். தேங்காய் உடைந்தது போல ஒரு சத்தம். மறுபடி அடித்தாள். வாய் திறந்தது. நாய் விழுந்தது.

"ஹரி," என்றாள். "என்னைப் பாருடா."

நெற்றித் தோல் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. முனகவில்லை. கோபம்கூட இல்லை அந்த முகத்தில். உள்ளங்கைகளை மறுபடி தரையில் வைத்தான். அவள் பாதத்தைப் பார்த்தான்.

நாயை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். அதற்குள் அவன் அங்கே இருந்தான். லிஃப்ட் பக்கம் திரும்பினாள். குதிகாலில் பல் இறங்கியது. நரம்பு வரை. இழுத்து விடுவித்துக்கொண்டு ஓடினாள், அவன் மறிக்காமல் விட்ட ஒரே பக்கமாக.

எதிர்வீடு. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கராஜன் மாமாவும் மல்லிகா மாமியும் இருக்கும் வீடு. கதவில் ஓங்கி அறைந்தாள்.

"மாமா, கதவத் திறங்கோ. மாமா."

பின்னால் பட், பட். அவசரமில்லாமல். ஒரே இடைவெளியில்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. எதிரே யாரும் நிற்கவில்லை. கீழே பார்த்தாள். மாமா நான்கு காலில் நின்றிருந்தார். நரைத்த மீசையில் ரத்தம் உறைந்திருந்தது. அவளுக்கு வழிவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்தார்.

கீழ்த்தளங்களில் எத்தனையோ உள்ளங்கைகள் படியேறத் தொடங்கின.

உள்ளே, ஹாலின் மூலையில், அவர்கள் நின்றார்கள். மல்லிகா மாமி, வாட்ச்மேன், வேலைக்கு வரும் பெண், பள்ளிச் சீருடையில் இரண்டு குழந்தைகள், பெயர் தெரியாத இன்னும் பலர். சுவரைப் பார்த்தபடி, தோளோடு தோள் ஒட்டி, ஓசையில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு. எல்லோர் குதிகாலிலிருந்தும் ரத்தம் வடிந்து ஒரே குட்டையாகத் தேங்கியிருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் காலடி கேட்டதும், மெதுவாக, ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டார்கள்.